கடைசிக் கட்டத்தில் யாருடைய கை

1

இந்தப் பங்குனியோடு நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. அதையொட்டி என் புத்தக அலமாரியைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் பிறந்த ஒருத்தி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, எந்த வீட்டுக்குக் குடிமாறினாலும் முதலில் காமிக்ஸ் பெட்டியைத்தான் தூக்குகிறாள் என்று சிரிக்கச் சிரிக்க எழுத நினைத்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

காலை ஷிப்ட் முடிந்து வரும்போது தபால் பெட்டியில் கிடந்தது. இந்த நாட்டில் எல்லாமே கடிதம்தான். தண்ணீர்க் குழாய் மாற்றினாலும் கடிதம், மாற்றாவிட்டாலும் கடிதம். பத்து வருடத்தில் உறையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல முடியவில்லை. படியில் நின்றபடியே பிரித்தேன். நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவு. "பள்ளியிலிருந்து கிடைத்த தகவலின் பேரில், உங்கள் மகளின் நலன் குறித்து உங்களுடன் உரையாட விரும்புகிறோம்." கீழே ஒரு தேதி, நேரம், அறை எண். மகளையும் அழைத்து வர வேண்டும்.

மூன்று தடவை படித்தேன். வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான். சேர்த்துப் படித்தபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பாண்டிக்கு அன்று விடுமுறை. கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய ஜெர்மன் பாஷை, ரொட்டி ஃபாக்டரிக்குள் கற்றுக்கொண்டது. அரசாங்கக் கடிதத்துக்கு அது பத்தாது.

"என்ன போட்ருக்கு?"

சொன்னேன்.

"புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாய்ங்களா?" என்றார்.

ஊரில் இருந்து படிக்கிற உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். இங்கே நம் ஆட்கள் கூடும் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இந்தப் பேச்சு ஒருமுறை வந்துவிடும். யாரோ ஒருவர் பிள்ளையை அதட்டினாராம், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தாராம், பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்த யாரோவை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. நானும் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவள்தான். அன்று சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்குப் போன் போட்டேன். கயலின் வகுப்பாசிரியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"பயப்படாதீர்கள். கயல் ஒரு காமிக்ஸ் வரைந்திருக்கிறாள். ஆறு பக்கம். வகுப்பிலேயே மிகச் சிறந்தது அதுதான். ஆனால் அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அது என் கடமை."

"என்ன இருக்கிறது?"

"ஒரு பெண் குழந்தை ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறாள். மேலே ஒருவர் நிற்கிறார். கடைசிக் கட்டத்தில் ஓங்கிய கை. கதை 'நான்' என்றுதான் தொடங்குகிறது. அது யார், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மறுக்கிறாள்."

"என்ன சொல்லி மறுக்கிறாள்?"

"கதையை எழுதினவர் விளக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்களாம்."

2

சொன்னது உண்மை. நூறு தடவை சொல்லியிருப்பேன்.

எனக்குக் கதைகளைப் பற்றிச் சில பிடிவாதங்கள் உண்டு. காமிக்ஸ் என்றால் கறுப்பு வெள்ளைதான்; வண்ணம் வந்தால் கண் ஓவியத்தை விட்டுவிட்டு மிட்டாய் பார்க்கப் போய்விடும். வில்லனுக்குப் பயம் இருக்க வேண்டும்; பயமே இல்லாத வில்லன் வெறும் சுவர். வாசித்தால் அறிவு வளரும் என்று சொல்லிப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்களை நான் நம்பமாட்டேன். பொரிகடலை தின்பதுபோலத் தின்ன வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் விடுவார்களே, அதுதான் காமிக்ஸில் எனக்கு மிகப் பிடித்த இடம். முதல் கட்டத்தில் கத்தி உயர்கிறது, அடுத்ததில் ஜன்னல் கண்ணாடி உடைகிறது. நடுவில் நடந்ததை நடத்தி வைத்தது நான். அதற்குள் கதாசிரியர் நுழையக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. முடிவை விளக்கக் கூடாது.

இது படித்து வந்த கொள்கை இல்லை, பழைய பேப்பர் கடையில் இருந்து வந்தது. முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. என் பழைய நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் பழைய காமிக்ஸ் கட்டைப் பிரித்து, "எடுத்துக்க" என்பார். கிடைப்பதில் பாதிக்கு அட்டை இருக்காது. முக்கால்வாசிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. கொலைகாரன் யார் என்று துப்பறிகிறவன் வாய் திறக்கும் இடத்தில் தாள் கிழிந்திருக்கும். முதலில் அழுகையாக வரும். அப்புறம் பழகிவிட்டது. ஆடு மேய்க்கும்போது ஒரு முடிவு யோசிப்பேன், மறுநாள் இன்னொன்று. பின்னால் மதுரையில் நர்சிங் படித்தபோது சில கதைகளை முழுசாக வாசிக்கக் கிடைத்தது. ஒன்றுகூட நான் யோசித்ததைவிட நன்றாக இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், நல்ல கதை தன் கடைசிப் பக்கத்தை வாசிக்கிறவரிடம் விட்டுவிட வேண்டும் என்று.

கயல் இரண்டு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். அவளுக்கு நான் கொடுக்க முடிந்தது இந்தக் கதைப் பைத்தியம் மட்டும்தான். அதையும் அவள் தன் வழியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் காமிக்ஸில் ஆள் விழுந்தால் "தடால்" என்று விழுவான். அவள் படிக்கும் ஜெர்மன் காமிக்ஸில் ஆள் பெருமூச்சு விட்டால், அந்த வினைச்சொல்லின் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும், "ஸொய்ஃப்ட்ஸ்" என்று, வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். "இதெல்லாம் ஒரு சத்தமா?" என்பேன். "உன் தடால்தான் காமெடியா இருக்கு" என்பாள். இப்போதெல்லாம் பின்னட்டையில் தொடங்கி முன்னால் வரும் ஜப்பானியப் புத்தகங்கள்தான் அவளுக்கு. நான் எடுத்துப் பார்த்தால், "அம்மா, தப்பாத் திருப்புற" என்று பிடுங்கிக்கொள்வாள். என் கையில் இருந்து அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது அந்தப் பிடுங்கலில்தான் எனக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த ஒரு விதியை மட்டும் அவள் விடாமல் பிடித்திருந்தாள். அதற்குப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

3

அந்தப் பள்ளம் எங்கள் காட்டுக் கிணறு.

எனக்குப் பதினொரு வயது. மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்த சமயம். ஆடு வந்து வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அய்யா என்னைக் களத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். சுற்றிக் கருவேல மரம் தவிர ஒன்றும் கிடையாது, அதற்கு ஏது நிழல்? பக்கத்தில் தண்ணீர் வற்றிப்போன கிணறு. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லைப் பிடித்து இறங்கினால் அடியில் குளுகுளுவென்று இருக்கும். பாவாடையில் ஒரு காமிக்ஸைச் செருகிக்கொண்டு இறங்கினேன். கடைசிக்கு முந்தின கல் காலோடு பெயர்ந்து விழுந்தது. நானும் விழுந்தேன். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அடுத்த கல் எனக்கு எட்டவில்லை. கத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை. தொண்டை வற்றியதும் படுத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன்.

கயலுக்கு இந்தக் கதையை, நீச்சல் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில், ஆறு வயதில் இருந்து சொல்லி வருகிறேன். அவளுக்கு மிகவும் பிடித்த கதை. வட்டமாகத் தெரிந்த வானத்தில் உச்சிப்புளிப் பக்கம் இருந்து நேவிக்காரர்களின் விமானம் ஒன்று குறுக்கே போனது வரைக்கும் சொல்லுவேன். முடிவு மட்டும் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அய்யா என்னைத் தூக்கிக் கட்டிக்கொள்வார். இன்னொன்றில் அவரும் உள்ளே குதித்துவிடுவார், இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு ஒன்றாகக் காமிக்ஸ் படிப்போம். மூன்றாவதில் என்னை மேலே தூக்கிவிட்டு, அய்யா அடிக்கக் கை ஓங்குவார். அங்கே நிறுத்திவிடுவேன்.

"அப்புறம்?" என்பாள்.

"அப்புறம் நீயே வச்சுக்க."

மூன்றாவதுதான் அவளுக்குப் பிடிக்கும். நடந்தது என்ன என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

4

கடிதம் வந்த அன்று கயல் பள்ளியில் இருந்து வந்ததும் கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"டீச்சர் கேட்டப்ப, இது எங்கம்மா சின்ன வயசுக் கதைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானே சொன்ன. எழுதினவங்க விளக்கக் கூடாதுன்னு."

"அது வாசகர்களுக்கு. இது ஆபீஸ்."

"டீச்சர் வாசகர் இல்லையா?"

பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, வெளையாட்டா இது? அங்கன போயி, எல்லாம் சும்மா வரைஞ்சதுன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

"சும்மா வரையல," என்றாள் கயல். பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தச் "சும்மா வரையல" எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த ஒன்பது நாளும் வேலையில் மருந்துப் பெட்டிகளை இரண்டிரண்டு முறை சரிபார்த்தேன். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. மூன்று பேரும் ஸ்பூன் சத்தம்கூட வராமல் சாப்பிட்டோம். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பாண்டி தும்மலைக்கூட அடக்கினார்.

5

அறையில் மர ரயில் ஒன்றும் பொம்மைகளும் இருந்தன. மேஜையில் ஒரு பெட்டி டிஷ்யூ. அழுவார்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். நரைத்த முடியும் பச்சை ஸ்வெட்டருமாக ஒரு அம்மா எழுந்து வந்து எங்களுக்குக் கை கொடுத்தார். அவர்தான் அதிகாரி. முதலில் கயலோடு மட்டும் அரை மணி நேரம் பேசினார். நானும் பாண்டியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டார். கயல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள். இந்தக் கதையைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறாள்," என்றார் அதிகாரி. "வீட்டில் கதை சொல்லும் பழக்கம் எப்படி?"

எளிதான கேள்வி. இதற்கான பதிலை வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் என் மகளுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கதைக்குப் பல முடிவுகளை யோசனையாகச் சொல்வேன். இதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த பாஷையில் சில வினைச்சொற்கள் இரண்டாக உடையும். ஒரு பாதி வாக்கியத்தின் முன்னால் வரும், மறுபாதி கடைசியில் போய் நிற்கும். யோசனை சொல்வதற்கு "ஃபோர்ஷ்லாகன்" என்பார்கள். பேசும்போது "ஷ்லாகன்" முன்னால் வந்துவிடும், "ஃபோர்" கடைசியில் வரும். அந்த ஃபோர் வராவிட்டால், வெறும் ஷ்லாகனுக்கு அடிப்பது என்று அர்த்தம்.

பத்து வருடமாக இந்த பாஷையில் வேலை பார்க்கிறவள் நான். அன்று வாக்கியத்தைத் தொடங்கினேன். ஷ்லாகன் வந்தது, "மகள்" வந்தது, "பஸ்" வந்தது, "போகும்போதெல்லாம்" வந்தது. "முடிவு" என்ற சொல்லுக்கு நாக்கு திரும்பவில்லை. நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் என் மகளை அடிக்கிறேன்.

அதிகாரியின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, வாக்கியத்தை எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். பாண்டி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபோர்!" என்று கத்தினாள் கயல். நாற்காலியில் இருந்தே எழுந்துவிட்டாள். "அம்மா, ஃபோர் சொல்லு! ஃபோர்!" அப்புறம் ஜெர்மனில் மூச்சு விடாமல் அவரிடம் சொன்னாள்: அம்மா யோசனை சொல்வதைத்தான் சொல்கிறார், கதைக்கு முடிவு சொல்வார், வாக்கியத்தை முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஃபோர்," என்றேன் நான்.

அதிகாரி லேசாகச் சிரித்தார். "புரிகிறது. எங்கள் இலக்கணம் கொடுமையானது." ஆனால் பேனாவை வைக்கவில்லை. கோப்பைத் திறந்து ஆறு தாள்களை மேஜையில் பரப்பினார். கயலின் காமிக்ஸை அப்போதுதான் நான் முதல் தடவை பார்க்கிறேன்.

கறுப்பு வெள்ளை. கிணற்றுச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் வரைந்திருந்தாள். வட்ட வானத்தில் விமானம். அவள் கண்ணால் பார்த்தே இராத என் களம், அதில் பரப்பிய மிளகாய். ஒரு கணம் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து, இவள் என்னைவிடப் பெரிய ஆள் என்று மட்டும் தோன்றியது.

கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். முகம் இல்லை. ஓங்கிய கை மட்டும், கட்டத்தின் மேல் விளிம்பை உடைத்துக்கொண்டு. மணிக்கட்டில் ஒரு வளையல்.

அய்யா வளையல் போட்டதில்லை.

என் இடது கை ஸ்வெட்டரைப் பிடித்து வலது மணிக்கட்டின் மேல் இழுத்துவிட்டது. நான் இழுக்கவில்லை, கை தானாக இழுத்தது. அதிகாரி அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

"கதையில் வருகிறவர் ஆண்," என்றார் அவர். "இது யாருடைய கை, கயல்?"

"விளக்க மாட்டேன்," என்றாள் கயல், மேஜையைப் பார்த்தபடி. குரல் உடைந்திருந்தது. அவள் காப்பாற்றியது விதியை இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக.

சின்னப் பிள்ளை வரைந்தது, தப்பாக வந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தோடு முடிந்தும் போயிருக்கும். ஸ்வெட்டரை மேலே தள்ளிவிட்டேன்.

"என் கை," என்றேன்.

சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். உடையாத வினைச்சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். மார்கழி மாதம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தமிழ் வகுப்புப் பயிற்சி நோட்டைக் கயல் பழைய காகிதக் கூடையில் போட்டிருந்தாள். ஏன் என்றேன். எனக்கு இது வேண்டாம், இது உன் பாஷை என்றாள். என் கை மேலே போனது. நின்றது. அடிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

பாண்டிக்கு இது தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படித்தானா?" என்று அதிகாரி கயலைக் கேட்டார்.

"அடிக்கல," என்றாள் கயல். முதலில் தமிழில் வந்தது, அப்புறம் ஜெர்மனில் சொன்னாள். "ஆனா கை வந்துச்சு."

அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைக் கேட்டார். "உங்கள் அப்பா? கிணற்றில் இருந்து தூக்கிய பிறகு?"

மூன்று முடிவுகளும் நினைவுக்கு வந்தன. மூன்றும் நன்றாக இருந்தன.

"அடித்தார்," என்றேன். "கயிற்றால். எண்ணவில்லை. புத்தகத்தையும் கிழித்துப் போட்டார். நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை."

கயல் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது.

6

திரும்பி வரும் பஸ்ஸில் பாண்டி முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். கயல் எனக்குப் பக்கத்தில், ஆனால் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு. நாலைந்து ஸ்டாப் போனபின் பேசினாள்.

"மூணு முடிவு சொன்ன. ஆறு வருஷமா. உண்மைய மட்டும் சொல்லவே இல்ல."

"கதைக்கு அது தேவைப்படல கயல்."

"எனக்குத் தேவைப்பட்டுச்சு." ஜன்னலைப் பார்த்தபடியே, "உன் கை வந்தப்ப, அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா பயந்திருக்க மாட்டேன்," என்றாள்.

என் கொள்கைகளைப் பற்றி முப்பது பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். வாசகரின் சுதந்திரம், விளக்காத முடிவின் அழகு, கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை. எல்லாவற்றையும் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த வெள்ளை இடத்தில் இவ்வளவு காலம் எதை ஒளித்து வைத்திருந்தேன் என்று அந்த பஸ்ஸில்தான் பார்த்தேன். அடி வாங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கம். அழகு, சுதந்திரம் என்பதெல்லாம் அதற்குமேல் போட்ட போர்வை.

"மன்னிச்சிரு," என்றேன். கை ஓங்கியதற்கா, மறைத்ததற்கா என்று அவள் கேட்கவில்லை. இரண்டுக்கும்தான்.

மூன்று வாரம் கழித்து வந்தது அடுத்த கடிதம். மேல் நடவடிக்கை ஏதும் இல்லை. குடும்ப ஆலோசனை மையத்துக்கு விருப்பமிருந்தால் போகலாம் என்று ஒரு வரி. பாண்டி போக வேண்டியதில்லை என்றார். நானும் கயலும் இரண்டு தடவை போனோம். மூன்றாம் தடவை அவரும் வந்தார்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊருக்குப் போன் போடும் நேரம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கயல் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமாக "நல்லா இருக்கீங்களா தாத்தா" என்பதோடு எழுந்து போய்விடுவாள். அன்று போகவில்லை.

"தாத்தா, அம்மா கிணத்துல விழுந்தாங்கள்ல. அன்னைக்கு நீங்க அடிச்சீங்களா?"

தேய்த்துக்கொண்டிருந்த தட்டு என் கையில் அப்படியே நின்றது. திரையில் அய்யா அசையவில்லை. படம் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் ஆடு கத்தும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"யாருத்தா சொன்னா?"

"அம்மா."

"செல்வி அங்கன இருக்காளா?"

"இருக்கேன்ய்யா," என்றேன், திரும்பாமல்.

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"அடிச்சேன்த்தா," என்றார்.

"ஏன்?"

"பயந்துபோயிட்டேன். பொழுதெல்லாம் தேடுறேன், காணாம். கெணத்துல எட்டிப் பாத்தா புள்ள அசையாமக் கெடக்கு. போயிருச்சுன்னே நெனச்சேன்."

"படிச்சிக்கிட்டு இருந்தேன்ய்யா," என்றேன்.

"அது மேல நிக்கிறவனுக்கு எப்புடித்தா தெரியும்?"

கயல் விடவில்லை. "பயந்தா அடிக்கணுமா தாத்தா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இல்லத்தா. அடிச்சிருக்கப்புடாது. அன்னைக்கே தெரியும். ஒங்கம்மாகிட்டச் சொல்லத் தெரியல."

நான் குழாயை மூடினேன். இருபத்தேழு வருடம். இந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்ததாக எனக்கே தெரியாது. கயல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அதற்குள் நோட்டைப் பிரித்துவிட்டாள்.

"கயிறு எவ்வளவு நீளம்?"

"கயிறு எங்க இருந்துச்சு? ஆடு கட்டுற கயிறுதான் கெடந்துச்சு. நாலஞ்ச முடிஞ்சு விட்டேன், பத்தல. வேட்டிய அவுத்து முறுக்கிச் சேத்து முடிஞ்சேன். அதப் புடிச்சுத்தான் ஒங்கம்மா மேல வந்துச்சு."

"அப்ப நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

"கோவணந்தேன். ஊருச்சனம் பூராம் சுத்தி நின்னுச்சு."

கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. என் நினைவில் கயிறு மட்டும்தான் இருந்தது, அதுவும் முதுகில் விழுந்த கயிறு. வேட்டி இல்லவே இல்லை. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது வந்ததில்லை.

"இதெல்லாம் எதுக்குத்தா கேக்குற?" என்றார் அய்யா.

"வரையணும் தாத்தா. திரும்ப, முதல்லேருந்து."

"அடிச்சதையுமா?"

"ஆமா."

அவர் துண்டை மடியில் மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"வரைத்தா," என்றார். "முடிச்சுகளக் கொஞ்சம் பெருசாப் போடு. அவசரத்துல போட்டது, ஒண்ணும் ஒழுங்கா இருக்காது. ஆனா ஒண்ணுகூட அவுறல."